அம்மாவின் அடுப்பு எடுத்துக்கொண்ட ஹீலியம்

எண்பத்து மூன்றில் மழை பொய்த்து, எங்கள் பக்கத்து ஏரியெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கோடையில், என் அண்ணன் லுங்கி மடிப்பில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பெரிய உருளைக்கிழங்கு அளவு இருக்கும். மேலெல்லாம் கரி பூசினாற்போல் கருப்பு. குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் அத்தனை பேர் காதிலும் விழும்படி என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, இங்க வா. மேலேர்ந்து விழுந்துச்சு. நான் பார்த்தேன்" என்றான்.

அண்ணன் இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். முதல் நாள் சாயங்காலம் செம்பாக்கத்தில் ஒரு லாரி ஆக்சில் முறிந்து நின்றுவிட்டது. அதைப் பார்க்கப் போனவன் வேலை முடியாமல் அங்கேயே தங்கிவிட்டான். விடிந்ததும் வறண்ட ஏரிக்குள் வெளிக்குப் போயிருக்கிறான். அப்போது மேலே ஒரு வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. அதன் பின்னாலேயே பிரேக்கில் காற்று இறங்குவது போல நீளமாக ஒரு சீறல். இருபது அடி தள்ளி தொப்பென்று ஏதோ விழுந்து புழுதி கிளம்பியது. போய்ப் பார்த்தால், சேற்றுப் பாளத்தை உடைத்துக்கொண்டு இந்தக் கல் பாதி புதைந்து கிடந்தது. லாரி டிரைவர் கேபினுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எதையும் கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை.

சாட்சி இல்லாமல் இப்படி ஒன்றைச் சொன்னால் எங்கள் தெரு சும்மா விடுமா? "வெளிக்குப் போனவனுக்கு வானமே பார்சல் அனுப்பிச்சுகீது" என்றார்கள். கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்பார்களே, இவனுக்குக் கல் கிடைத்துவிட்டது, இனி நாய்தான் பாக்கி என்றார் எதிர்வீட்டுக்காரர். ராத்திரி போட்டது காலையில் இறங்கியிருக்காது என்றும் யாரோ சொன்னார்கள். அண்ணன் குடிக்கவே மாட்டான். மற்ற கேலிக்கெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்தவன் இதற்கு மட்டும் முகம் சுருங்கினான்.

நான் அப்போது தாம்பரத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முதல் வருடம். வீட்டில் அம்மா, அண்ணன், நான் என மூன்றே பேர். நான் எட்டாவது படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அண்ணன் பத்தாவதோடு புத்தகத்தை மூடிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனதால்தான் என் புத்தகம் மூடாமல் இருந்தது. அந்தப் படிப்பின் தகுதியை வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டேன்.

"எடுக்கும்போது சூடா இருந்துச்சா?"

"இல்ல பாப்பா. ஜில்லுன்னு இருந்துச்சு."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். வானத்திலிருந்து எரிந்துகொண்டு விழுகிற கல் ஜில்லென்று இருக்குமா? நானும் சிரித்தேன். பொய் சொல்கிறவனாக இருந்தால் "கை வெந்துபோச்சு" என்றல்லவா சொல்லியிருப்பான்? இந்தச் சின்ன விஷயம் அன்றைக்கு இயற்பியல் மாணவிக்குத் தோன்றவில்லை. எனக்கு அது தோன்ற இன்னும் ஒன்பது வருடம் ஆனது.

அன்று மாலை அண்ணன் ஒரு காரியம் செய்தான். கழுவாத பார்ட்ஸை யார் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் வழக்கம். கியரோ பேரிங்கோ, எதுவானாலும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்த பிறகுதான் முதலாளியிடம் காட்டுவார்கள். நாளைக்கு நாலு பேர் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று, கல்லையும் அப்படியே செய்தான். ஒரு ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் போட்டு வைத்தான். பிரஷ்ஷால் போகாத இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். மறுநாள் கருப்பெல்லாம் போய், சாம்பலும் பழுப்புமாக, தெருவில் கிடக்கிற எந்தக் கல்லைப் போலவும் ஆகிவிட்டது. அந்தக் கருப்பு, காற்றை உரசிக்கொண்டு வரும்போது உருகி உறைந்த தோல். தெரிந்தவர்கள் ஒரு பார்வையில் விண்கல் என்று சொல்வதற்கு அது ஒன்றே போதும். அண்ணன் தன் கையாலேயே தன் சாட்சியைத் துடைத்துப் போட்டான். அவ்வளவு சிரத்தை அவனுக்கு அதன்மேல்.

எண்பத்தைந்தில் நான் ஆராய்ச்சிக்காக மேற்கே, இரண்டு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். எனக்குக் கிடைத்த வேலை விண்கற்களுக்குள் அடைபட்டிருக்கும் வாயுக்களை அளப்பது. ஹீலியம், நியான், ஆர்கான், கிரிப்டான், செனான் என்ற ஐந்தும் எதனோடும் சேராதவை. ஆக்சிஜன் இரும்பைக் கண்டால் துருவாகும், கரியைக் கண்டால் புகையாகும். இந்த ஐந்தும் யாரோடும் ஒட்டாமல், கல்லுக்குள் எப்படிப் போய் மாட்டிக்கொண்டனவோ அப்படியே கோடி கோடி வருடம் கிடக்கும். அதனால்தான் ஒரு கல் எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது என்பதை அவற்றிடம் கேட்கிறோம்.

கேட்கும் முறை கொஞ்சம் கொடுமையானது. மிளகை விடச் சின்னத் துண்டை அலுமினியத் தாளில் சுற்றி, காற்றே இல்லாத உலைக்குள் போட்டு, படிப்படியாகச் சூடேற்ற வேண்டும். நானூறு டிகிரியில் வருவது பெரும்பாலும் மேலே ஒட்டிய நம்முடைய காற்று. எண்ணூறு, ஆயிரத்து இருநூறு என்று ஏற ஏற, கல் தன்னுடையதைக் கொடுக்கத் தொடங்கும். ஆயிரத்து அறுநூறில் உருகி, கடைசியாக வைத்திருந்ததையும் விட்டுவிடும். அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் மெஷின் அவற்றை எண்ணும். எண்ணி முடித்ததும் பம்ப்பைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே இறைத்துவிடுவோம். ஒரு துண்டை ஒரு முறைதான் கேட்கலாம்.

சாம்பிள் போடுவதற்கு முன்னால் உலையைச் சும்மா ஒருதரம் ஓட்டுவோம். அதற்கு பிளாங்க் என்று பெயர். ஒன்றுமே இல்லாதபோதும் மெஷின் கொஞ்சம் காட்டும். அது எவ்வளவு என்று தெரிந்தால்தான் கல்லினுடையது எவ்வளவு என்று சொல்ல முடியும்.

முதல் லீவில் வீட்டுக்கு வந்தபோது இதையெல்லாம் அண்ணனிடம் பெருமையாக அளந்தேன். தாம்பரம் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அண்டார்டிகா பனியில் பொறுக்கிய ஒரு கல்லைப் பற்றிச் சொன்னேன். வேறொன்று வந்து மோதிய வேகத்தில் அந்தக் கல் சில இடங்களில் கண்ணாடியாக உருகி, அங்கே சுற்றியிருந்த காற்றை உள்ளே பூட்டிக்கொண்டுவிட்டது. உடைத்து அளந்தால், ஆர்கானும் செனானும் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய கலம் அங்கே அளந்து சொன்ன கணக்கோடு ஒத்துப்போயின. கல் செவ்வாயிலிருந்து வந்திருக்கிறது என்று முடிவு செய்ய அதுதான் பெரிய ஆதாரம்.

அண்ணன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"ஊரை வுட்டு இம்மாந்தூரம் வந்தும் அந்த ஊரு காத்தை உள்ளயே வெச்சுகினு கீதா?"

"ஆமா."

"அப்போ நம்ம கல்லும் வெச்சுகினு கீது. நீதான் பாப்பா பாத்து சொல்லணும். எந்த ஊரா இருந்தா இன்னா, மேலேர்ந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை. நான் குடிச்சிட்டு உளறலன்னு இந்த ஜனங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

பார்க்கிறேன் என்றேன். மறுநாள் அவன் கல்லை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போய், வைஸ் பிடிப்பானில் துணி சுற்றிப் பிடித்து, உளியால் ஒரு ஓரத்தைத் தட்டி எடுத்தான். கொட்டைப்பாக்கு அளவு துண்டு. எங்கள் சாம்பிள்களை அலுமினியத் தாளில் சுற்றுவோம் என்று நான் சொன்னது ஞாபகம் இருந்திருக்கிறது. யாரிடமோ காலி சிகரெட் பாக்கெட் வாங்கி, அதன் வெள்ளித் தாளை உருவி, அதில் சுற்றி என் கையில் கொடுத்தான். "கழுவிட்டுதான் சுத்துனேன்" என்றான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு அலமாரி இருந்தது. நாடெங்கிலுமிருந்து ஜனங்கள் விண்கல் என்று நம்பி அனுப்பிய கற்களெல்லாம் அதில் இருந்தன. இரும்பு உருக்கும்போது மிஞ்சும் கிட்டம், ரோடு போடும் ஜல்லி, ஆற்றுக் கூழாங்கல். டீ நேரத்தில் அவற்றோடு வந்த கடிதங்களைப் படித்துச் சிரிப்பது எங்களுக்கு வழக்கம். மேலேர்ந்து விழுந்தது, நான் கண்ணால் பார்த்தேன் என்றுதான் எல்லாக் கடிதமும் தொடங்கும். நானும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். இப்போது என் கைப்பையில் சிகரெட் தாளில் சுற்றிய ஒன்று இருந்தது. என் அண்ணன் கொடுத்தது, அவன் லாரி மெக்கானிக், வெளிக்குப் போன இடத்தில் கிடைத்தது என்று நான் எப்படி வாய் திறப்பேன்? எவ்வளவோ பாடுபட்டு அந்த டீ மேசையில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்திருந்தது. அது போய்விடுமோ என்று பயந்தேன். வெட்கமாகவும் இருந்தது. இதற்கு நாகரிகமான பெயர் எதுவும் வைக்க நான் தயாராக இல்லை.

இத்தனைக்கும் அதுவரை ஒரு முழு விண்கல்லை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. என்னிடம் வந்ததெல்லாம் தாளில் சுற்றிய மில்லிகிராம்கள். ஆனாலும் பார்த்தாலே தெரிகிறது, கிட்டம்தான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். காந்தம் ஒட்டுதே என்று அண்ணன் சொல்லியிருந்தான். கிட்டத்திலும்தான் காந்தம் ஒட்டும். துண்டை மேசையின் கடைசி இழுப்பறையில் போட்டேன்.

அவன் ஒவ்வொரு இன்லண்ட் கடிதத்திலும் கேட்டான். மெஷினில் இடம் கிடைக்கவில்லை, பம்ப் ரிப்பேர் என்று ஒரு வருடம் சாக்குச் சொன்னேன். எண்பத்தேழில் ஒரு நாள், கேட்டுக் கேட்டு நச்சரிக்கிறானே என்ற எரிச்சலில், உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். சோதித்துப் பார்த்துவிட்டோம், அது பூமிக் கல்தான் என்று எழுதினேன். கூசாமல் எழுதினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

அதோடு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அடுத்த லீவில் வந்தபோது கல் வழக்கமாக அவன் வைத்திருக்கும் ஷோகேஸில் இல்லை. அடுப்படியில் இருந்தது. அம்மாவுக்கு முட்டி வலி. பம்ப் ஸ்டவ்வை எரியவிட்டு, கல்லை நேராகத் தீயிலேயே வைத்துப் பழுக்கச் சூடாக்குவாள். பிறகு இடுக்கியால் எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி முட்டியில் ஒத்தடம் கொடுத்துக்கொள்வாள். செங்கல்லை விட இதில் சூடு நெடுநேரம் நிற்கிறதாம். "அவனே எடுத்துக் குடுத்தான். இனிமே இது சும்மா கல்லுதானம்மா, வெச்சுக்கோன்னான்" என்றாள். அண்ணன் பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான், தலை நிமிரவில்லை.

தெருவில் யாராவது பழைய கதையை எடுத்தால், என்ன சொல்வானோ என்று நான் பயந்துகொண்டே இருப்பேன். அவன் என்னைக் காட்டி, "பாப்பாவே பாத்து சொல்லிட்சு, அப்புறம் இன்னா பேச்சு" என்பான். அவ்வளவுதான். தன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, வேறு யாருமே பார்க்காத ஒன்றைப் பார்த்தவன் அவன். அதை நான் ஒரு இன்லண்டில் பிடுங்கிக்கொண்டேன்.

தொண்ணூற்று இரண்டில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லியில் சரியாகிவிடும் என்று மூன்று வாரம் ஓட்டிவிட்டார்கள். தந்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மட்டும் மஞ்சளாக, மற்றதெல்லாம் எலும்பாகக் கிடந்தான். வீட்டில் இருந்தவரை வலது விலாவுக்குக் கீழே வலி தாங்கவில்லை என்பானாம். அம்மா அந்தக் கல்லைச் சூடு பண்ணி ராவும் பகலும் ஒத்தடம் கொடுத்திருக்கிறாள். "அது பட்டாத்தான் கொஞ்சம் கண்ணு மூடுவான்" என்றாள்.

ஒரு மத்தியானம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் என்னைக் கிட்டே கூப்பிட்டான்.

"பாப்பா, அந்த மெஷினு எப்பவாச்சும் தப்பா சொல்லுமா?"

இதுதான் நேரம், சொல்லிவிடு என்று தெரிந்தது. இந்த நிலையில் சொன்னால் மனசு உடைந்துபோவான், எழுந்து உட்காரட்டும், அப்புறம் காலில் விழுந்து சொல்லிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. எனக்கு வசதியானது எதுவோ அதுதானே எனக்கு எப்போதும் சரியாகத் தோன்றும்?

"சொல்லாதுண்ணா."

"அதான். கண்ணும் பொய்யி, காதும் பொய்யி. கரெக்ட்டுதான்." மேலே மின்விசிறியைப் பார்த்தான். "ஆனா அந்தச் சத்தம் இன்னும் காதுலயே கீது பாப்பா. இன்னா பண்றது."

நான்கு நாள் கழித்துப் போய்விட்டான். முப்பத்து நாலு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது, கல்லில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். எதுக்கு என்று அவள் கேட்கவில்லை. ஞாபகத்துக்கு என்று நினைத்திருப்பாள். ஒர்க்‌ஷாப்பில் அண்ணனோடு வேலை செய்தவர் தட்டிக் கொடுத்தார். கல் இப்போது ஒத்தடத் துணியின் எண்ணெய் ஏறி மினுமினுப்பாக இருந்தது.

திரும்பிய வாரமே, யாரிடமும் எதையும் மறைக்காமல், என் அண்ணன் கண்டெடுத்தது என்று பதிவேட்டில் எழுதி மெஷினில் நேரம் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. ஆறு வருடம் நான் பயந்து செத்த விஷயம் ஒரு கையெழுத்தில் முடிந்துவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பிளாங்க் ஓட்டினேன். பிறகு துண்டைப் போட்டேன். நானூறு டிகிரியில் வந்தது சாதாரணக் காற்று. அப்படியே முடிந்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம் வேண்டிக்கொண்டேன் என்றால் நம்புவீர்களா? பூமிக் கல்லாகவே இருந்துவிட்டால், என் பொய் பாதிதான் பொய். எண்ணூறில் நியானின் கணக்கு மாறத் தொடங்கியது. ஆயிரத்து இருநூறில் நியான் 21 என்ற வகை ஏறி நின்றது. பூமிக் கல்லில் அது அப்படி வராது. திறந்த வெளியில் கோடிக்கணக்கான வருடம் அண்டக் கதிர் பட்டுப் பட்டு, கல்லுக்குள்ளேயே உண்டாக வேண்டும். ஆயிரத்து அறுநூறில் செனான் வந்தது. செனான் 129 அளவுக்கு மீறி இருந்தது. கோள்கள் உருண்டு திரண்டுகொண்டிருந்த காலத்தில் மட்டும் இருந்து, பிறகு அழிந்தே போன ஒரு வகை அயோடின் விட்டுச் சென்ற செனான் அது. செவ்வாயும் இல்லை, சந்திரனும் இல்லை. கோளாக வளராமலே உடைந்துபோன ஏதோ ஒரு சிறு உலகத்தின் துண்டு.

அண்ணன் பார்த்தது நிஜம். காதில் கேட்டது நிஜம். ஜில்லென்று இருந்ததும் நிஜம். வானத்துக் குளிரில் அத்தனை காலம் கிடந்த கல், மேல்தோல் மட்டும் ஒரு சில நொடி உருகிவிட்டு, பெரும்பாலும் ஜில்லென்றுதான் வந்து விழும். அதை நானே ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்த அன்றைக்குக்கூட அண்ணன் ஞாபகம் வரவில்லை. நான் மெஷின் அறையிலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

என் கூட வேலை செய்த வங்காளிக்காரர் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு, "உன் கல்லில் ஹீலியம் மட்டும் நிறையக் குறைகிறதே" என்றார் ஆங்கிலத்தில். ஹீலியம் மிகச் சன்னமானது, சூடு பட்டால் முதலில் தப்பிப்பது அதுதான். இப்படிக் குறைந்தால், அந்தக் கல் தன் பாதையில் சூரியனுக்கு ரொம்பப் பக்கத்தில் போய்ச் சூடாகியிருக்கிறது என்று சொல்வோம். அவர் உற்சாகமாகிவிட்டார். இன்னொரு துண்டு இருந்தால் போட்டு உறுதி செய்யலாம் என்றார்.

இன்னொரு துண்டு இருந்தது. கடைசி இழுப்பறையில், சிகரெட் தாளில். ஆறு வருடமும் அது என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. தாளைப் பிரித்தபோது மண்ணெண்ணெய் வாசனைகூட வந்ததாகத் தோன்றியது, அது என் பிரமையாக இருக்கலாம். அதையும் ஓட்டினோம். நியான் அதேதான். செனான் அதேதான். ஹீலியம் மட்டும் குறையாமல் முழுசாக இருந்தது.

வங்காளிக்காரருக்குத் தலைசுற்றியது. ஒரே கல்லில் ஒரு துண்டு சூரியன் பக்கம் போய், இன்னொன்று போகாமல் இருக்குமா என்றார். எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்று எண்பத்தாறில் தட்டியது, அடுப்பு ஏறாதது. மற்றது அம்மாவின் ஸ்டவ்வில் ஐந்து வருடம் இருந்தது. அவள் முட்டிக்கும், கடைசியில் அண்ணனின் விலாவுக்கும் ஒத்தடம் கொடுத்த சூடு, கோடி வருடம் தப்பிக்காத ஹீலியத்தை விரட்டியிருக்கிறது. காணாமல் போன அந்த அளவு கணக்குத் தாளில் ஒரு எண்ணாக நின்றது. அவனுக்கு எவ்வளவு வலித்தது என்பதற்கு இதைவிட வேறு அளவு என்னிடம் இல்லை. "எங்கள் வீட்டில் சூடு செய்தார்கள்" என்று மட்டும் சொன்னேன்.

தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்தேன். இரண்டு ராத்திரி ரயிலில் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டே வந்தேன். அப்போது இருந்தது பழைய மெஷின், அதில் தெரியவில்லை, இப்போது புதுசு வந்திருக்கிறது, அதனால்தான். அம்மாவுக்கு அது போதும். பொய்யை மூடப் பொய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஸ்டேஷனில் இறங்கும்போது அது நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அம்மா அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அண்ணன் சொன்னது நெசம். அது மேலேர்ந்து விழுந்த கல்லுதான்."

அவள் கை நிற்கவில்லை. "அதான் அவன் அன்னிக்கே சொன்னானே" என்றாள். ஒரு கொத்தை உருவி முடித்துவிட்டு, "அப்போ நீ அன்னிக்கு டெஸ்ட் பண்ணது இன்னா?" என்றாள்.

தயார் செய்திருந்த பதில் வரவில்லை. நான் ஒரு கீரைக் கொத்தை எடுத்து உருவத் தொடங்கினேன். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, முட்டியைப் பிடித்தபடி உள்ளே போனாள். அண்ணனின் பர்ஸைக் கொண்டுவந்தாள். கிரீஸ் ஏறிய தோல் பர்ஸ். அதற்குள் நாலாக மடித்து, மடிப்பெல்லாம் நைந்து, நூலாகிப் போன நீல இன்லண்ட் இருந்தது.

"இதை எங்க போனாலும் வெச்சுகினு இருந்தான். எவனாவது கேலி பண்ணா எடுத்துக் காட்டுவான். பாரு, என் தங்கச்சி கைப்பட எழுதிகீது, சயின்டிஸ்ட்டு, மெஷின்ல போட்டுப் பாத்துகீதுன்னுவான். கல்லு பொய்யாப் போச்சேன்னு ஒரு நாளும் வருத்தமா காட்டிக்கல. உன்னைப் பத்திப் பெருமைதான்." இன்லண்டை என்னிடம் நீட்டினாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதியிருந்தேன்னு படி."

"வேணாம்மா."

"படி."

படித்தேன். அன்புள்ள அண்ணாவுக்கு, நான் நலம். நீ கொடுத்த கல்லை மெஷினில் போட்டு நன்றாகச் சோதித்துப் பார்த்தோம். உள்ளே நம் பூமியின் காற்றுதான் இருக்கிறது. அது வெறும் இரும்புக் கிட்டம். இதை இனிமேல் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே, எனக்கும் வெட்கமாக இருக்கிறது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதை எழுதியதையே நான் மறந்துபோயிருந்தேன். ஆஸ்பத்திரியில் அவன் சொன்னபோதுகூட எங்கிருந்து எடுத்துச் சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அந்த வரிக்கு முன்னால் நிறுத்தினேன்.

"நிறுத்தாத. இன்னும் கீது, முழுசாப் படி."

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விசாரிச்சியா?"

"இல்லம்மா."

அவள் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, பர்ஸுக்குள் வைத்தாள்.